இருபத்தாறு வயதுக் கைக்குழந்தை

போன செவ்வாய்க்கிழமை செல்வி போன் செய்தாள். நான் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்த ஆய்வகத்தில் இப்போது என் நாற்காலியில் இருப்பவள். தூத்துக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆபரேஷனில் எடுக்கிற கட்டிகளில் பாதி எங்கள் ஆய்வகத்துக்குத்தான் பாட்டிலில் அடைத்து வரும். அதை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லில் ஏற்றி, சாயம் போட்டு, டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்குத் தயார் செய்வது எங்கள் வேலை. புதிதாகக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லா ஓடுதுக்கா. முந்தி மாரி ரிஜிஸ்டர்ல எழுதிக் கை வலிக்கல. ஒரே ஒரு தொல்லை, வயசு போடாம அடுத்த பக்கத்துக்கு விட மாட்டேங்கு."

"பாட்டிலோட வார சீட்டுல வயசு இல்லன்னா என்னளா செய்விய?"

"முப்பதுன்னு அடிச்சிருவோம். விட்டுரும்."

சும்மா, தேங்காய் விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள். நான் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து என் மகள் ஓடி வந்துவிட்டாள். செல்விக்கும் கோபம் வந்துவிட்டது. "எதுக்குக்கா இப்படிக் கத்துதிய? டாக்டரு ஸ்லைடப் பாத்துத்தான சொல்லப் போறாவ? வயசப் பாத்தா சொல்லப் போறாவ?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் போனையும் வைத்துவிட்டாள்.

வயதைப் பார்த்தும்தான் சொல்லுவார்கள். அதைத்தான் எழுதப் போகிறேன். ஓய்வு பெற்றவர்கள் அனுபவம் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தால் வாங்கிய சால்வைக் கணக்கு சொல்லுவார்கள். எனக்குச் சால்வையும் இல்லை, அந்த ஆசையும் இல்லை. வயிற்றெரிச்சல்தான் இருக்கிறது.

படித்த கதையை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். பாளையங்கோட்டையில் இரண்டு வருடப் படிப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் பாட்டில் கழுவினேன், இரண்டாம் வருடம் சீவக் கற்றுக்கொண்டேன், விரலையும் சேர்த்துச் சீவிக்கொண்டேன். அவ்வளவுதான்.

கொழுப்புக் கட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் கொழுப்பைப்போல் திமிர் பிடித்த சதை கிடையாது. ஈரல், கர்ப்பப்பை எல்லாம் பார்மலின் மருந்தில் ஊறப்போட்ட மறுநாளே சொன்னபடி கேட்கும். கொழுப்பு கேட்காது. மேலே பார்த்தால் ஊறின மாதிரி இருக்கும், நடுவில் பச்சையாக இருக்கும். அப்படியே மெழுகில் போட்டால் மெழுகு உள்ளே இறங்காது. சீவும்போது நடுவில் பொத்தல் பொத்தலாகக் கொட்டிவிடும். அதனால் வெற்றிலைத் தடிமனுக்கு நறுக்கி, இன்னொரு நாள் கூடுதலாக ஊறப்போட வேண்டும். அந்த ஒரு நாளைக் கொடுக்கத்தான் இந்த ஊரில் ஒருத்தருக்கும் மனசு வராது. "என்னம்மா, வெறும் கொழுப்புக்கட்டிக்கு நாலு நாளா?" என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனுக்கு மேல் போன் வரும். வெறும் கொழுப்பாம்!

வெறும் கொழுப்பு என்று சொல்லியே ஒரு பிள்ளை மேல் இரண்டு தடவை கத்தி வைத்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் இருக்கும். ஆறு மாசக் குழந்தைக்கு முதுகில் கட்டி. அறுத்துப் பார்த்தால் மஞ்சளாக, கொழகொழவென்று இருந்திருக்கிறது. கொழுப்புதானே என்று கைக்கு வந்த மட்டும் எடுத்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார் அந்தச் சர்ஜன். எங்களுக்கு அனுப்பவில்லை. மறுவருடம் அதே இடத்தில் இரண்டு மடங்காக வளர்ந்து நின்றது. அப்போதுதான் பாட்டில் எங்களுக்கு வந்தது. கைக்குழந்தைகளுக்கு வருகிற கொழுப்புக் கட்டி பெரியவர்களுக்கு வருவது மாதிரி இல்லை. அது இன்னும் முற்றாத கொழுப்பு, கருவில் இருக்கிற மாதிரியே இருக்கும். வேகமாக வளரும். புற்று கிடையாது, வேறு இடத்துக்குப் பரவாது, உயிரை எடுக்காது. ஆனால் மிச்சம் மீதி இல்லாமல் முழுசாக எடுக்க வேண்டும், எடுத்த பிறகும் சில வருடம் கண்காணிக்க வேண்டும். லைப்போபிளாஸ்டோமா என்று அதற்குப் பெயர். பெயர்தான் பயங்கரம், நோய் சாது.

சாது என்று தெரிந்துகொள்ளத்தான் வயது வேண்டும். இப்போது எங்கள் சாரைப் பற்றிச் சொல்லுகிறேன்.

சார் என்றால் எங்கள் ஆய்வகத்தின் பெரிய டாக்டர், நோய்க்குறி பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். ஒன்பது மணிக்கு வருவார். சட்டைப் பையிலிருந்து மடித்த கர்ச்சீப்பை எடுத்து மைக்ராஸ்கோப்பின் இரண்டு கண்ணையும் துடைப்பார். நான் தட்டில் ஸ்லைடுகளை அடுக்கி வலது பக்கம் வைக்க வேண்டும், சீட்டுகளைக் கவிழ்த்து இடது பக்கம் வைக்க வேண்டும். சீட்டை நிமிர்த்தி வைத்துவிட்டால் அன்றைக்குப் பேச்சு வாங்க வேண்டியதுதான். முதலில் ஸ்லைடை மட்டும் பார்ப்பார். ஆணா பெண்ணா, எந்த இடம், என்ன வயது எதுவும் தெரியாமல் பார்த்துவிட்டு, மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் சீட்டைத் திருப்புவார். "மொதல்லயே படிச்சா, கண்ணு படிச்சதத்தாம்மா தேடும்" என்பார். பார்த்தது சீட்டோடு பொருந்தினால் எழுதுவார். பொருந்தாவிட்டால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாயங்காலம் வரை அதோடு மல்லுக்கட்டுவார். அப்படி ஒரு ஒழுங்கு. அந்த ஒழுங்குக்கே குழி பறித்தது ஒரு சீட்டு.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு சிறிய நர்சிங் ஹோமிலிருந்து ஒரு பாட்டில் வந்தது. இடது தொடைக் கட்டியிலிருந்து எடுத்த சின்னத் துண்டு. பெயர் இசக்கியம்மாள். பெண். வயது இருபத்தாறு. துண்டை நான் முறைப்படி கூடுதலாக ஒரு நாள் ஊறவைத்துத்தான் சீவினேன், அதில் குறை சொல்ல முடியாது. ஸ்லைடும் அழகாக வந்தது. சார் பார்த்தார். ஜெல்லி மாதிரி ஒரு வழவழப்புக்குள் சின்னச் சின்ன நட்சத்திரச் செல்கள், நடுநடுவே கொழுப்புச் செல்கள், மெல்லிசாகக் கிளைவிட்ட ரத்தக் குழாய்கள். சீட்டைத் திருப்பினார். இருபத்தாறு வயது, தொடை. கச்சிதமாகப் பொருந்தியது. லைப்போசார்கோமா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொழுப்பில் வருகிற புற்று அது. பெரியவர்களுக்குத் தொடையில்தான் அதிகம் வரும்.

பதினொரு நாள் கழித்து கவுன்டரில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் கேட்கிறார்கள், வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறேன் என்றாள். இப்படி வருவது வழக்கம்தான். பேரைக் கேட்டேன்.

"இசக்கியம்மாள்."

ரிஜிஸ்டரில் தேடி எடுத்தேன். புற்று வந்தவள் இடுப்பில் பிள்ளையோடு இப்படி விறைப்பாக நிற்கிறாளே என்று எனக்கே மனசு கேட்கவில்லை. "ஒக்காரும்மா. காலு வலிக்கும், எதுக்கு நிக்க?" என்றேன்.

"எனக்கு என்னத்துக்கு வலிக்கு? கட்டி பாப்பாவுக்குல்லா" என்று குழந்தையின் பாவாடையைத் தூக்கிக் காட்டினாள்.

இடது தொடை வலது தொடையைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தது. பக்கவாட்டில் தையல் போட்ட வடு. குழந்தை என் ஸ்டாம்ப் பேடைப் பிடுங்கப் பார்த்தது.

"பாப்பாவுக்கு எத்தன மாசம்?"

"ஒம்பது முடிஞ்சி பத்து நடக்கு."

"பேரு?"

"பேரு இன்னும் வைக்கலக்கா. இதுக்கு முன்ன ரெண்டு தங்கல. இதாவது தங்கட்டும், சாஸ்தா கோயில்ல முடி எடுத்துத்தான் பேரு வைப்போம்னு நேந்திருக்கோம். ஆஸ்பத்திரில பேரு கேட்டாவ, இல்லன்னேன். அப்ப ஓம் பேரச் சொல்லுன்னுட்டாவ."

பேர் வைக்காத குழந்தை என்றால் 'பேபி ஆஃப் இன்னார்' என்று எழுத வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் உள்ள வழக்கம். அந்த நர்சிங் ஹோமில் சீட்டு எழுதிய புண்ணியவதிக்கு அந்த மூன்று வார்த்தை எழுத நேரம் இல்லை.

"மதுரையில என்ன சொன்னாவ?" என்று கேட்டேன்.

"ஸ்லைட பாத்துட்டு முடிவாச் சொல்லுவாவளாம். இதே ரிப்போர்ட்டுதான்னா இடுப்போட கால எடுக்கணும்னாவ." அவள் பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நாங்க ரெண்டு பேரும் பேசிட்டோம். காலு போனாலும் பிள்ள கெடக்கட்டும்."

நான் சீட்டையும் ஸ்லைடையும் எடுத்துக்கொண்டு சார் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். அந்த அறைக்குள் அப்படி நான் போனது அது ஒரு தடவைதான். விஷயத்தைச் சொன்னேன்.

அவர் நிமிரவே இல்லை. "சீட்டுல அப்படி எழுதியிருந்தா நான் என்ன செய்ய முடியும்? அது அனுப்பினவங்க தப்பு. மதுரையிலதான் பாக்கப் போறாங்களே, அவங்க பாத்துச் சொல்லட்டும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "சார், மதுரையில வேற வேலை ஜாஸ்தின்னு உங்க ரிப்போர்ட்டயே நம்பிட்டாவன்னா? நர்சிங் ஹோம் டாக்டரு கண்ணு முன்னால பச்சப்பிள்ள கெடந்தது, அவரு நம்பலியா? பிள்ள வெளிய நிக்கி சார். காலோட நிக்கி" என்றேன். சத்தம் கவுன்டர் வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் நிமிர்ந்தார். பிறகு கர்ச்சீப்பை எடுத்து மைக்ராஸ்கோப்பைத் துடைத்தார். ஸ்லைடை வைத்தார். ஓரத்திலிருந்து ஓரம் வரை, வயல் உழுகிற மாதிரி வரி வரியாக நகர்த்திக்கொண்டே போனார். ஒரு மூலையில் நிறுத்தினார். எனக்கும் காட்டினார். கொழுப்பு சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்திருந்தது, நடுவில் மெல்லிய நார்ச் சுவர். அறையின் ஓரத்தில் இளசு, உள்ளே போகப் போக முற்றிய கொழுப்பு. செல்கள் ஒன்றுகூட முரடாக இல்லை. "வளந்துக்கிட்டிருக்கிற கொழுப்பும்மா இது. இருபத்தாறு வயசுல இப்படி இருந்தா சந்தேகப்படணும். ஒம்பது மாசத்துல இப்படித்தான் இருக்கும்" என்றார். பிறகு, "ச்சே" என்றார். அந்த மனிதர் வாயில் அதற்கு முன் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை.

சீட்டைக் கையில் எடுத்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பெயர், இடம், ஆஸ்பத்திரி எல்லாம் நீல மை. வயது மட்டும் கறுப்பு மை.

"வயசு யாரு எழுதினது?" என்றார்.

எங்கள் கவுன்டரில் கறுப்பு மைப் பேனாதான். அந்த 26-இல் இருக்கிற ஆறின் வால் என் கையெழுத்தின் வால். சீட்டு வந்தபோது வயதுக் கட்டம் காலியாகத்தான் இருந்தது. பாட்டிலோடு வந்த அட்மிஷன் தாளில் இசக்கியம்மாள், 26 என்று இருந்தது. குழந்தையைச் சேர்த்தவளின் வயது அது. பார்த்து எழுதிவிட்டேன். போன் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒரு போன் போட்டு "வயது என்ன" என்று கேட்டிருக்கலாம். அன்றைக்குப் பாட்டில் நிறைய, எனக்குச் சோம்பல். காலியாகவே விட்டிருந்தால்கூடச் சார் சீட்டைத் திருப்பிப் பார்த்ததும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார். நான் நிரப்பினதுதான் வினை.

"நான்தான் சார்" என்றேன்.

அவர் சீட்டை மேசையில் வைத்தார். எழுந்து வெளியே வந்தார். மைக்ராஸ்கோப்பை விட்டு நோயாளி பக்கமே வராத மனிதர், கவுன்டர் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குழந்தையின் தொடையை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். குழந்தை அவர் கண்ணாடியைப் பிடுங்கியது.

"அம்மா, இது புத்து இல்ல. சாதாரணக் கட்டி. முழுசா எடுத்துட்டாப் போதும். காலுக்கு ஒண்ணும் ஆகாது. தப்பு எங்க மேல" என்றார்.

அவள் கும்பிடுவாள், அழுவாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"அப்ப இந்தப் பதினோரு நாளு? இவ அப்பா கடையத் தொறக்கல. நான் இந்தக் காலுக்குக் கொலுசு போட்டு அழுதேன், இனிமே போட முடியாதுன்னு. ராவெல்லாம் இந்தக் காலப் பிடிச்சிக்கிட்டே கெடந்தேன். இதுக்கு யாரு பதில் சொல்லுவிய? சொல்லுங்க, யாரு?"

சார் தலையைக் குனிந்துகொண்டார். நான் ரிஜிஸ்டருக்குப் பின்னால் நின்றேன். அந்தக் கறுப்பு மை என்னுடையது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழி முழுவதையும் சார் தலையில் விழவிட்டு நான் சும்மா நின்றேன்.

சார் அப்போதே கையால் புது ரிப்போர்ட் எழுதினார். மதுரைக்கும் போன் பேசினார், நர்சிங் ஹோமுக்கும் பேசினார். நர்சிங் ஹோம் சர்ஜன் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கும் அப்பவே டவுட் இருந்தது சார். ஆனா நீங்க எழுதிட்டீங்களே" என்றாராம். டவுட் இருந்ததாம்! டவுட் இருந்தால் ஒரு போன் போட வேண்டியதுதானே? அவர் எங்களை நம்பினார், சார் சீட்டை நம்பினார், நான் அட்மிஷன் தாளை நம்பினேன். பிள்ளையைப் பார்க்க ஒருத்தரும் இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புற்று இல்லை என்று ஆனதால் மதுரைக்குப் போக வேண்டியிருக்கவில்லை, பக்கத்தில் திருநெல்வேலியிலேயே குழந்தைகளுக்கான சர்ஜன் ஒருவர் ஆபரேஷன் செய்தார். முதலில் ஸ்கேன் எடுத்து, கட்டி எந்தத் தசைக்குள் போகிறது, நரம்பு எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, நரம்பை ஒதுக்கி, கட்டியை உறையோடு முழுசாக எடுத்தார். பாட்டில் எங்களுக்கே வந்தது. ஒரு மாங்காய் அளவு. வெளிப்புறம் முழுவதும் மை தடவினேன். அப்படித் தடவினால்தான் வெட்டின ஓரத்தில் கட்டி மிச்சம் இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் தெரியும். வெற்றிலைத் தடிமனுக்கு நறுக்கி இரண்டு நாள் ஊறவைத்தேன். யாரும் போன் போட்டு அவசரப்படுத்தவில்லை. போட்டிருந்தால் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். எல்லா ஓரமும் சுத்தம் என்று சார் எழுதினார்.

ஒன்றரை வருடம் கழித்து, மறு ஸ்கேனுக்கு முன்னால் குழந்தைக்கு ரத்தம் பரிசோதிக்க இசக்கியம்மாள் வந்தாள். குழந்தையை வராந்தாவில் இறக்கிவிட்டாள். அது இரண்டு காலிலும் கொலுசோடு தண்ணீர்க் கேன் வரைக்கும் ஓடிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டது. நான் சீட்டை எடுத்தேன்.

"பேரு முத்துமாலை" என்றாள் அவள். "முடி எடுத்து வச்சாச்சு. வயசு ரெண்டே கால். சரியா எழுதுங்க."

என் பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்: இசக்கியம்மா, அந்த இருபத்தாறை எழுதினது நான்தான். அந்தப் பதினோரு நாளுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

செல்வியிடம் கத்தினது அதனால்தான். நான் அன்றைக்கு ஒரு சீட்டில் சோம்பலில் செய்ததை, இவர்கள் இன்றைக்கு வழக்கமாகவே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்காவது பார்த்து எழுத ஒரு தாள் இருந்தது. இவர்களுக்கு அதுவும் கிடையாது, வாயில் வந்த முப்பது!

மனசு கேட்காமல் வெள்ளிக்கிழமை ஆட்டோ பிடித்து ஆய்வகத்துக்கே போனேன். செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இந்த வாரம் முப்பதுன்னு அடிச்சதெல்லாம் எடுளா" என்றேன்.

"எனக்கு வேல இல்லாமயா இருக்கு?"

"எனக்கு இல்ல. எடு. நானே பேசுதேன்."

முணுமுணுத்துக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டி ஒரு தாள் எடுத்துக் கொடுத்தாள். ஒன்பது பேர். கவுன்டர் போனில் ஸ்பீக்கரைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் ஆள், ஒரு அண்ணாச்சி, கழுத்துக் கட்டி. "அறுபத்தெட்டு நடக்கும்மா" என்றார். இரண்டாவது ஒரு பெண், முப்பத்தொன்று. "பாத்தியளா, ஒரு வயசுதான் வித்தியாசம்" என்று செல்வி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மூன்றாவது காயல்பட்டினம். மரியம், முதுகுக் கட்டி. ஒரு ஆண் எடுத்தார். மரியம் இருக்கிறாரா, வயது என்ன என்று கேட்டேன்.

"அது எங்க வீட்ல உள்ளவங்க பேரும்மா. ஆஸ்பத்திரில அவங்க பேருலதான் எழுதுனாங்க. கட்டி எடுத்தது புள்ளைக்கி."

"பிள்ளைக்கு வயசு?"

"பதினோரு மாசம்."

செல்வியின் சிரிப்பு நின்றது. கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "அக்கா, அந்த ஸ்லைடு காலைலயே உள்ள போயிட்டு. டாக்டரு மேசைல கையெழுத்துக்கு இருக்கு" என்றாள்.

"போளா!" என்றேன்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். அவள் கதவைத் தட்டாமல் உள்ளே போகிற சத்தம் கேட்டது. நான் நாலாவது நம்பரைப் போட்டேன்.